ஐந்நூற்று ஐம்பது கிராம்

எங்கள் பனியன் யூனிட்டின் லேப் அறையில் இருநூறு கிராமுக்கு மேல் தாங்காத ஒரு தராசு இருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும். காற்றடித்தால் எண் நடுங்கும் என்பதால் அந்த அறையில் மின்விசிறியே கிடையாது. துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டித் தராசில் வைத்து, வரும் எடையை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். ஜிஎஸ்எம் என்று சொல்வது இதைத்தான். நூற்று எண்பது கேட்ட பையருக்கு, அதாவது சரக்கை வாங்கும் கம்பெனிக்கு, நூற்று எழுபது போனால் சரக்கு அத்தனையும் திரும்பி வரும்.

அந்தத் தராசில் நான் ஒரு நாள் கிரீஸ் அப்பிய போல்ட் ஒன்றை வைத்தேன்.

"பாப்பா! எடுங்க, மொதல்ல எடுங்க. அது என்ன தராசு, இரும்புக் கடைத் தராசா?"

குரல் லேப் அக்காவுடையது. என்னைவிட மூன்று வயது மூத்தவர், விளாத்திகுளம் பக்கத்துக்காரர். செக்கிங் டேபிளில் சேர்ந்து, இப்போது லேப் முழுக்க அவர் பொறுப்பு. முதலாளி வீட்டுப் பெண் என்பதால் என்னைப் பன்மையில்தான் அழைப்பார். ஆனால் திட்டும்போது அந்தப் பன்மையால் எனக்கு எந்தச் சலுகையும் கிடைத்ததில்லை.

"நாப்பத்திரண்டு கிராம்தானுங்க்கா. இருநூறு வரைக்கும் தாங்குமில்ல?"

"தாங்கும். கிரீஸைத் தாங்குமா? நாளைக்கு வெள்ளைத் துணி வைக்கணும், அதுல கறை ஏறுனா பையர்கிட்ட நீங்க வந்து பதில் சொல்லுதியளா?" என்றவர், ஒரு துண்டு பனியன் வேஸ்ட்டால் தட்டைத் துடைத்து, கண்ணாடியைச் சாத்தி, எண் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார். "என்ன போல்ட்டு அது?"

ரேஸ் பைக் போல்ட்டு என்றேன். அவ்வளவுதான், ஆரம்பித்தது.

கொஞ்சம் என் கதை. கோயமுத்தூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு வந்து திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் யூனிட்டில் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெயர். பத்து நிமிடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு முதுகில் எறும்பு ஊறும். பழைய நூற்று அறுபது சிசி பைக் ஒன்றை வாங்கி, மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரைத் தாண்டி இருக்கும் ட்ராக்குக்குக் கொண்டுபோய், எங்கள் கிளப் நடத்தும் ரேஸில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபது பேர் வருவோம். அந்தக் கூட்டத்தில் பெண் நான் ஒருத்திதான். இரண்டாவது ரேஸுக்குப் பிறகு அது யாருக்கும் செய்தியாக இல்லை.

எல்லோருக்கும் ஒரே வகை எஞ்சின். அதைத் திறந்து கைவைக்கக் கூடாது என்பது விதி. அப்புறம் வேகம் எங்கிருந்து வரும்? எடையிலிருந்துதான். வளைவிலிருந்து வெளியே வரும்போது இரண்டு கிலோ குறைவான பைக் ஒரு சக்கர நீளம் முன்னால் போகிறது. எட்டு சுற்று, சுற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட வளைவுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் தினமும் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே கழற்றினேன். கண்ணாடிகள், இண்டிகேட்டர், ஹாரன், நம்பர் பிளேட், செயின் கவர், இரண்டு ஸ்டாண்டு, பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் கம்பி, கைப்பிடி, பின் மட்கார்டு. சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு கம்பி வலை வருமே, அந்த சாரி கார்டைக் கழற்றிய அன்று அம்மா ஷெட்டுக்கு வந்து நின்றார்.

"ஏங் கண்ணு, இதையும் கழட்டிப்போட்டீன்னா நா எப்படிப் பின்னால உக்கார்றது?"

"பின் சீட்டே இல்லீங்கம்மா."

அம்மா குனிந்து பார்த்தார். சீட் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். "அப்பறம் எதுக்கு இது வண்டி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நியாயமான கேள்வி.

பெரிய சாமான்கள் தீர்ந்தபின் சின்னவற்றில் இறங்கினேன். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகளை அறுத்தேன். பிராக்கெட்டுகளில் ஓட்டை போட்டேன். இரண்டு நாள் டிரில் பிடித்து மொத்தம் தொண்ணூறு கிராம் குறைத்தபோது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, பொறியியல் கல்லூரிச் சான்றிதழ் வாங்கியபோதுகூட வரவில்லை.

ஆனால் கிளப்புக்கு ஒரு எல்லை உண்டு. ரேஸ் முடிந்து வந்த கையோடு, ஹெல்மெட், தோல் சூட் எல்லாவற்றோடும் ஓட்டியவர் உட்கார்ந்தபடி, பைக்கும் ஆளும் சேர்த்து நூற்று எண்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த ரேஸ் கணக்கில் வராது. அதே வருடத்தில் இரண்டாவது தடவை குறைந்தால், அந்த வருடம் முழுவதும் வெளியே. பைக்கை வெறும் கூடாக்கி ஆபத்தாக ஓட்டாமலிருக்க வைத்த விதி. நல்ல விதிதான். நான் ஒல்லி, என் பைக்கும் இப்போது ஒல்லி. ரேஸ் நாள் காலையில் பெட்ரோலோடு எடை போட்டபோது நூற்று எண்பது கிலோ அறுநூறு கிராம். மைலேஜை வைத்து எட்டு சுற்றுக்கு ஐந்நூற்று ஐம்பது கிராம் பெட்ரோல் எரியும் என்று கணக்கிட்டிருந்தேன். ஐம்பது கிராம் மிச்சம். பிரமாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவதாக வந்தேன். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த ரேஸ். எடை மேடையில் ஏறி உட்கார்ந்தேன். எடை போடுபவர் எங்கள் கிளப்பிலேயே மூத்தவர், அவினாசிக்காரர், பேச்சில் பூ உதிரும். திரையைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, நூத்தி எழுவத்தொம்போது நானூத்தம்பதுங்க. மன்னிச்சுக்கோணும்."

ஐந்நூற்று ஐம்பது கிராம் குறைவு. நான்காம் இடம் போயிற்று. போனது போகட்டும், இன்னொரு தடவை குறைந்தால் வருடமே போகும். வருடத்தில் மிச்சம் ஐந்து ரேஸ் இருந்தது.

அடுத்த நாள் அந்த போல்ட்டை எடுத்துக்கொண்டு லேப்புக்குப் போனதற்குக் காரணம் இதுதான். எங்கே தப்பு என்று தெரியாமல், எல்லாவற்றையும் மறுபடி எடை போட்டுக்கொண்டிருந்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா வட்டம் வெட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிராசஸ் லாஸ் எவ்வளவு போட்டிய?"

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை அது. நூறு கிலோ நூல் வந்தால் நூறு கிலோ பனியன் போகாது. நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங்கில் பஞ்சாகப் பறந்து கொஞ்சம், சாயத்தில் கொஞ்சம், கட்டிங்கில் துண்டு துண்டாக நிறைய. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே போட்டுத்தான் நூலே வாங்குவோம். அதை மறப்பவனால் திருப்பூரில் ஒரு மாதம் தொழில் செய்ய முடியாது. தினமும் அந்த வார்த்தையைப் பத்து முறை சொல்கிறவள் நான். ஷெட்டுக்குள் நுழைந்ததும் இஞ்சினியர் ஆகிவிடுகிறேன். யூனிட்டை வாசலிலேயே விட்டுவிடுகிறேன்.

"பெட்ரோல் போட்டேனுங்க்கா."

"அது நிட்டிங். மிச்சம்?"

அடுத்த பயிற்சி ஞாயிற்றுக்கிழமை, அக்கா, பைக்கை ஏற்றிக்கொண்டு போகும் குட்டியானை மினி லாரியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ட்ராக்குக்கு வந்தார். மடியில் டிபன் பாக்ஸும் ஒரு நோட்டும். பைக் பந்தயம் அவர் பார்த்ததே இல்லை. முதல் அரை மணி நேரம் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு ஒரு யோசனை சொன்னார்.

"பாப்பா, முன்னாடி அந்தப் பெரிய இரும்புத் தட்டு, அது என்னத்துக்கு? நல்ல கனமா இருக்கும் போலயே."

"அது பிரேக்குங்க்கா."

"நிப்பாட்டவா போறிய? ஜெயிக்கத்தான போறிய?"

பக்கத்து பைக்குக்காரன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு மாலை வரை அவன் எங்கள் பக்கம் சிரிக்கவில்லை.

பைக்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் எடை போடும் விதம் இருக்கிறதே! முதலில் யூனிட்டில் நான் எடுத்திருந்த அத்தனை எடைகளையும் அடித்துவிட்டார். "பையர் லேப்ல என்ன வருதோ அதுதான் ஜிஎஸ்எம். நம்ம தராசு சொல்லுதத யாரு கேக்கா?" கிளப்பின் எடை மேடையில் மட்டும்தான் இனி எடை. பைக் தனியாக, நான் தனியாக, என் ஹெல்மெட் தனியாக, கையுறை தனியாக. ரேஸுக்கு முன் டயர் சூடேற ஓட்டும் வார்ம்அப் சுற்றுக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை, எட்டு சுற்று முடிந்ததும் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் மேடையைக் காலி செய்து, பூஜ்ஜியம் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. எடை போடும் அவினாசிக்காரர் ஒரு கட்டத்தில் எழுந்து தன் நாற்காலியையே அவருக்குக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் நோட்டில் மூன்று வரிகள் இருந்தன. பெட்ரோல் எழுநூற்று இருபது: வார்ம்அப்பை நான் சேர்க்கவே இல்லை, தவிர ரேஸில் மைலேஜ் என்பதே கிடையாது. டயர், செயின் ஆயில், இன்னபிற முப்பது. மூன்றாவது வரி: பாப்பா, நானூறு.

"நானா?"

"நீங்கதான். இருபத்தஞ்சு நிமிசத்துல நானூறு கிராம் வேர்வை. அது எங்கன போச்சுன்னுதான் பாக்கேன்."

என் தோல் சூட்டுக்குள் போட்டிருந்த பாலியஸ்டர் உள்ளாடையை வாங்கி விரல்களுக்கிடையில் தேய்த்தார். துணியைத் தொட்டால் அவருடைய முகம் மாறிவிடும். கண் பாதி மூடிக்கொள்ளும். "காஞ்சு கெடக்கு பாருங்க. இது வேர்வைய வாங்கி வெளிய விட்டுரும். அதுக்குன்னே செஞ்சது. சூட்டுல காத்து ஓட்டை வேற. நானூறு கிராமும் ட்ராக்குலயே பறந்துட்டு." உள்ளாடையைத் திருப்பிக் கொடுத்தார். "காட்டன் விடாது. குடிச்சிட்டு வச்சிக்கிடும்."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளப்பில் இருபது பேர் கார்பன் ஃபைபர் பற்றியும் டைட்டானியம் போல்ட் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் சாம்பிள் ரேக்கில் கிடக்கும் கனமான இன்டர்லாக் பனியன் துணி பற்றி ஒருவராவது யோசித்திருப்பாரா? வெளியேறும் எடை குறைந்தால், கிளம்பும்போது சுமக்க வேண்டிய எடையும் குறையும். நான் இரண்டு நாள் டிரில் பிடித்துக் குறைத்தது தொண்ணூறு. இவர் ஒரு பனியனால் அதைப்போல மூன்று மடங்கு பேசுகிறார்.

அவரே அளவெடுத்து, சாம்பிள் செக்‌ஷனில் தைத்துக் கொடுத்தார். முழுக்கை, கழுத்துவரை, கணுக்கால் வரை. போட்டுக்கொண்டு நின்றால் குளிர்காலத்துக்கு உடுத்திய குழந்தை மாதிரி இருந்தேன். அடுத்த பயிற்சியில் அதைப் போட்டு ஓட்டினேன். வெந்துபோனேன். ஆனால் மேடையில் நான் இழந்தது நூற்று ஐம்பது கிராம்தான் என்று காட்டியது.

ரேஸுக்கு முந்தின நாள் அக்கா கணக்கை முடித்தார். எழுநூற்று இருபது, முப்பது, நூற்று ஐம்பது. மொத்த லாஸ் தொள்ளாயிரம். "அதுக்கு மேல இருநூறு டாலரன்ஸ் விடணும்" என்றார். கணக்கு தப்பினால் தாங்குவதற்கு விடும் கூடுதல் அது.

"எதுக்குங்க்கா இருநூறு? நூறு போதாதா?"

"டாலரன்ஸ் இல்லாம எவனாவது சரக்கு அனுப்புவானா?"

அவர் சொன்னபடி கிளம்பும்போது நூற்று எண்பத்தொரு கிலோ நூறு கிராம் இருக்க வேண்டும். புது பனியன் பழையதைவிட முந்நூறு கிராம் கனம். அப்படியும் இருநூறு கிராம் குறைந்தது. எதையாவது திரும்பப் பூட்ட வேண்டும். ஷெட்டில் கிடந்த சாரி கார்டில் இருநூறு கிராம் அளவுக்கு ஒரு துண்டை அறுத்து, எஞ்சினுக்கு அடியில், தரைக்குப் பக்கமாக, பூட்டினேன். அம்மா அதைப் பார்த்தார். திருப்தியாகச் சிரித்தார்.

ரேஸ் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டாவது சுற்றில் நான் ஏழாவது. மூன்றாவது சுற்றின் நடுவில் சிவப்புக் கொடி; ரேஸ் நிறுத்தம். முன்னால் ஒருவன் வழுக்கி மணலில் போய் விழுந்திருந்தான். எழுந்து நின்று பைக்கை உதைத்துக்கொண்டிருந்ததால் அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. எல்லோரும் திரும்பிவந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒரு வார்ம்அப் சுற்று, பிறகு மிச்ச சுற்றுகள்.

வரிசையில் நின்றுகொண்டு கூட்டிப் பார்த்தேன். கணக்கில் இல்லாத ஒரு சுற்று. கிட்டத்தட்ட எழுபது, எண்பது கிராம் பெட்ரோல். அதோடு இந்த வெயிலில் பத்து நிமிடம் நிற்பது. இருநூறு மிச்சத்தில் எவ்வளவு போகும்? இதையும் சேர்த்து இன்னும் ஐந்து ரேஸ். பைக் கிளம்பும் முன்னாலேயே வருடம் என் கழுத்து வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் சூட்டின் ஜிப்பை இடுப்பு வரை இறக்கிக் காற்று வாங்கினார்கள். நானும் கையை வைத்தேன்.

"ஜிப்பை ஏத்துங்க! பாப்பா, ஏத்துங்க ஜிப்பை!"

தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா. சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் கழுத்து வரை ஜிப்பை இழுப்பதுபோல அபிநயம் பிடித்தார். "காத்துல போயிரும்! உள்ளயே வச்சிக்கிடுங்க!"

பக்கத்தில் நின்றவன் என்னிடம், "யாருங்க அவங்க? உங்க கோச்சுங்களா?" என்றான்.

"லேப் இன்சார்ஜ்" என்றேன். ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினேன். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. சோறு வேகும்போது பானைக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுபடி கிளம்பினோம். வளைவுகளில் பைக் நான் நினைத்த இடத்தில் போய் நின்றது; எஞ்சினுக்கு அடியில் இருந்த அந்தத் துண்டு இரும்பால் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. கடைசிச் சுற்றில் ஒருவனைத் தாண்டி ஐந்தாவதாக முடித்தேன். நேராக எடை மேடை. ஏறி உட்கார்ந்து காலைத் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"நூத்தி எம்பது நூத்தம்பதுங்கம்மணி!" அவினாசிக்காரரின் குரலில் என்னைவிட அதிகச் சந்தோஷம்.

நான் கத்தியே விட்டேன். ஹெல்மெட்டுக்குள் கத்தியதில் எனக்கே காது அடைத்தது. அப்போதுதான் சுவர் ஓரத்திலிருந்து அக்கா மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, காலி மேடை ஒருக்கா பாத்துக்கிடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸ் ஆகிவிட்டது. யாரும் கேட்கவில்லை. இவருக்கு எதற்கு இந்த வேலை?

"அக்கா!"

"இவ்வளவு நாளும் பூஜ்ஜியம் பாத்துட்டுத்தான போட்டோம்? இப்ப மட்டும் என்ன?"

இறங்கினேன். காலி மேடையில் திரை நூறு கிராம் காட்டியது. எனக்கு முன்னால் ஏறிய பைக்குகளின் சூடான டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்கும் மணலும் மேடை முழுவதும் கிடந்தன. அவினாசிக்காரர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு துண்டை உதறித் துடைத்தார். அக்கா தன் கையிலிருந்த பனியன் வேஸ்ட்டைக் கொடுத்து, மூலையில் விட்டுப்போன இடத்தைக் காட்டினார். பூஜ்ஜியம்.

மறுபடி ஏறினேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. எண் நூற்று எழுபத்தொன்பது தொள்ளாயிரம் வரை போய் ஆடியது, ஏறியது, நின்றது.

நூற்று எண்பது. பூஜ்ஜியம் ஐம்பது.

அவினாசிக்காரர் எழுதி, கையெழுத்துப் போட்டார். பிறகு நாற்காலியை அக்கா பக்கம் தள்ளினார். "ஏனுங்க, நம்ம கிளப்புக்கு எடை போட வந்தர்றீங்களா? மாசம் ஒரு ஞாயித்துக்கெழமதானுங்க."

"ஞாயித்துக்கெழம நான் துணி தொவைக்கணும்லா" என்றார் அக்கா.

வண்டியில் திரும்பும்போது நான் அவரிடம் கோபமாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். பல்லடம் வருவதற்குள் அது கரைந்துவிட்டது. என் வருடம் அவருடைய ஒரு வாக்கியத்தில் தொங்கியபோது, அவர் தராசின் பக்கம் நின்றார். அப்படிப்பட்டவர் போட்ட கணக்கு என்பதால்தான் அந்த ஐம்பது கிராம் மிஞ்சியது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்று எனக்கே புரிந்தது. மடியில் அவர் டிபன் பாக்ஸுக்கு மேல் ஒரு பாலித்தீன் கவர் வைத்திருந்தார். வாயை இறுக்க முடிச்சுப் போட்டு, உள்ளே என் ஈர பனியன்.

"நனைஞ்சு நாறுமேங்க்கா, எதுக்கு?"

"காலையில பெரிய தராசுல வச்சுப் பாக்கணும். எவ்வளவு குடிச்சிருக்குன்னு தெரியாண்டாமா?"

திங்கட்கிழமை காலையில் நான் யூனிட்டுக்குப் போகும்போது நோட்டில் புது வரி எழுதியாகிவிட்டது. அக்கா நிமிரவில்லை; வெள்ளைத் துணியில் வட்டம் வெட்டிக்கொண்டே சொன்னார்.

"சிவப்புக் கொடி காட்டாம இருந்தா இருநூறும் மிஞ்சியிருக்கும் பாப்பா. ஆனா கொடி காட்டியும் அம்பது மிஞ்சிட்டு பாருங்க. அந்த அம்பதும் அதிகம்தான்."

ஷெட்டுக்குப் போய், பைக்குக்கு அடியில் படுத்து, அந்த சாரி கார்டுத் துண்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தை ராவினால் ஐம்பது கிராம் வரும்.